மேயர் குழலும் நான் படிக்காமல் விட்ட நான்கு எழுத்தும்

என்னிடம் ஒரு பழைய மரக்குழல் இருக்கிறது. தலைப்பகுதி தந்தம், உடம்பு கறுப்பு மரம், மேலே பத்து கீ, அதாவது துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்புகோல்கள். 420 பவுண்டுக்கு வாங்கினேன். அதை யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது, இன்னொரு 440 பவுண்டும் போனது. எல்லாம் தெரிந்த பிறகு, அதை விற்கவே முடியாது என்பதும் தெரிந்தது. இதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். என்ன செய்ய, கேட்க ஆள் இல்லை. மூங்கில் குழல் பற்றிக் கேட்டால் சொல்ல எனக்கு ஊரில் பத்துப் பேர் உண்டு. ஐரோப்பிய மரக்குழல் என்றால் யாரிடம் போய் நிற்பது? அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கும்பகோணத்தில் பதினைந்து வயது வரை குழல் கற்றுக்கொண்டேன். அப்புறம் படிப்பு, வேலை, லண்டன், குராய்டன் என்று வாழ்க்கை போய்விட்டது. 2021 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தெற்கு லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மேசையில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பெட்டி திறந்திருந்தது. உள்ளே நீல வெல்வெட். அதில் குழல் துண்டு துண்டாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. தலைப்பகுதி பழுத்த எலுமிச்சை நிறத்தில் மின்னியது. கையில் எடுத்ததும் அதன் கனம் என்னை ஏதோ செய்தது. ஊதும் துளையில் வாயை வைக்காமலே அது எப்படி ஒலிக்கும் என்று மனசுக்குள் கேட்டுவிட்டேன். அந்த நிமிஷமே பெட்டியை மூடிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். ஒரு பொருள் மேல் ஆசை வந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதை மட்டும்தான் பார்க்கும்.

மரத்தில் முத்திரை தேய்ந்து போயிருந்தது. சாய்த்துப் பார்த்ததில் 'எச். எஃப். மேயர், ஹனோவர்' என்று படிக்க முடிந்தது. அங்கேயே நின்று கைபேசியில் தேடினேன். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் குழல் செய்த பெரிய கைவினைஞர், தந்தத் தலை வைத்த குழல்களுக்குப் பேர்போனவர் என்று வந்தது. கை நடுங்கியது. விற்றவர் வயசானவர். 500 சொன்னார், 420-க்கு இறங்கினார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் என்னை ஏமாற்றவில்லை. "பேர் அதில் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொன்னார். ஏமாந்தது முழுக்க என் சொந்த முயற்சி. வீட்டுக்கு வந்து விலையைச் சொன்னதும் என் மனைவி மனசுக்குள் ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு, "நாற்பத்து மூவாயிரமா? கடைசியா நீங்க எப்ப வாசிச்சீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானதுதான்.

முதல் தப்பு அன்று ராத்திரியே நடந்தது. ஊரில் மூங்கில் குழலுக்கு நல்லெண்ணெய் தடவி வைப்போம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் உள்ளே வெளியே என்று தாராளமாக நல்லெண்ணெய் தடவினேன். கீகளுக்கு அடியில் துளையை அடைக்க இருந்த மெத்தை போன்ற தோல் பேட்கள் எண்ணெயைக் குடித்து ஊறிப்போயின. அதோடு விட்டேனா? ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த அறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஊதினேன். சத்தம் அழகாக வந்தது, கொஞ்சம் அழுதும்விட்டேன். காலையில் பெட்டியைத் திறந்தால் தந்தத் தலையில் மயிரிழை போல ஒரு கோடு. அடுத்த வாரத்துக்குள் அந்தக் கோட்டில் நகம் நுழைந்தது.

ஏன் அப்படி ஆனது என்பது பின்னால்தான் புரிந்தது. இந்த வகைக் குழல்களில் தலைப்பகுதியின் உள்ளே பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். அதை இழுத்து நீட்டித்தான் சுருதி சேர்ப்பார்கள். நூறு வருஷத்துக்கு மேல் காய்ந்து காய்ந்து மரமும் தந்தமும் சுருங்கும், உலோகம் சுருங்காது. வெளியே இருப்பது ஏற்கெனவே உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திணறும். அதில் சூடும் ஈரமுமான மூச்சை முக்கால் மணி நேரம் ஊதி, அப்புறம் ஹீட்டர் காற்றில் காயவிட்டால் எங்காவது ஓரிடத்தில் வெடித்துத்தான் ஆக வேண்டும். பழைய குழல் கைக்கு வந்தால் முதல் சில நாள் ஊதவே வேண்டாம். பிறகு ஐந்து நிமிஷம், அடுத்த வாரம் பத்து நிமிஷம் என்று போகலாம். ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். எண்ணெய் என்றால் பாதாம் எண்ணெய், அதுவும் மரத்தின் உட்பக்கத்தில் சில சொட்டு, அதுவும் கீகளைக் கழற்றத் தெரிந்தவர் செய்தால். தந்தத்துக்கு எண்ணெயே கூடாது. இணைப்புகள் இறுகியிருந்தால் திருகிப் பிரிக்கவும் கூடாது, பூண் கழன்று கையோடு வந்துவிடும்.

விரிசலைப் பார்த்த பதற்றத்தில் பக்கத்தில் இருந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் வேலை எல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் கிளாரினெட்டும் சாக்ஸபோனும். நல்ல மனிதர்தான், ஆனால் விரிசலில் சூப்பர் குளூவை விட்டு அடைத்துவிட்டார். 90 பவுண்டு. இரண்டு மாதத்தில் அதே விரிசலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பியது. பழைய மரக்குழல்களை மட்டுமே பார்க்கிற இன்னொருவரை அப்புறம் கண்டுபிடித்தேன். அவர் உள்ளே இருந்த பித்தளைக் குழாயைப் பொறுமையாக வெளியே எடுத்து, இறுக்கத்தைக் குறைத்து, விரிசல் தானாக மூடிக்கொள்ள விட்டு, அதன் பிறகுதான் நிரப்பினார். பேட் எல்லாம் மாற்றி 235 பவுண்டு. "பசையைச் சுரண்டுவதற்கே பாதி நேரம் போனது" என்றார். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கும் உலோகக் குழாயை என்ன செய்யப்போகிறீர்கள்? அந்தக் கேள்வியே புரியாமல் அவர் விழித்தால் குழலைப் பெட்டியில் வைத்துத் திரும்பி வந்துவிடுங்கள்.

இதற்கு நடுவே மேயர் மயக்கம் தெளியவே இல்லை. இணையம் வழியாக மதிப்பீடு செய்து தரும் ஒருவருக்கு 45 பவுண்டு கட்டி நாலு படம் அனுப்பினேன். இரண்டு பக்கச் சான்றிதழ் வந்தது. '19ஆம் நூற்றாண்டு, மேயர், ஹனோவர், காப்பீட்டு மதிப்பு 1,200 பவுண்டு' என்று போட்டிருந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். பிறகு யோசித்தால், நான் மின்னஞ்சலில் என்ன எழுதினேனோ அதைத்தான் அவர் திருப்பி எழுதியிருந்தார். முத்திரையைக் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அளவுகளும் கேட்கவில்லை. காப்பீட்டு மதிப்பு என்பது தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்க ஆகும் தொகை. விற்றால் கையில் கிடைக்கிற பணம் அதைவிட ரொம்பக் குறைவு. அந்த வித்தியாசமே தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அருங்காட்சியகங்களுக்கும் எழுதினேன். பொதுவாக அவர்கள் தனியார் பொருளுக்கு விலை சொல்ல மாட்டார்கள், இது அசல்தான் என்று எழுதித் தரவும் மாட்டார்கள். அதற்காகக் கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் பார்க்க விடுவார்கள், பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. என் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான் ஃபாரஸ்ட் ஹில், அங்கே ஹார்னிமன் அருங்காட்சியகம். இசைக்கருவிக் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே நாலு சனிக்கிழமை கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றேன். ஆக்ஸ்ஃபோர்டில் 'பேட்' என்ற பெயரில் இருக்கும் இசைக்கருவித் தொகுப்புக்கு ஒரு முறை போனேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் டேட்டன் மில்லர் என்ற இயற்பியல் பேராசிரியர் விட்டுப்போன தொகுப்பு இருக்கிறது, ஏறத்தாழ 1,700 கருவிகள், பெரும்பாலும் குழல் வகை. படங்களை வீட்டில் உட்கார்ந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. வாங்கும் முன் அதில் ஒரு ராத்திரி செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

கைவினைஞர்களின் பெயர்களுக்கென்றே ஒரு பெரிய அகராதி உண்டு. லாங்வில் என்பவர் தொடங்கிய பட்டியலை வில்லியம் வாட்டர்ஹவுஸ் விரித்து எழுதி 1993-இல் லண்டனில் வெளியிட்டது. காற்றுக் கருவி செய்தவர்கள், அவர்கள் இருந்த ஊர், தெரு, காலம், முத்திரையின் வாசகம் எல்லாம் அதில் கிடைக்கும். சொந்தமாக வாங்க விலை அதிகம், பெரிய இசை நூலகங்களில் கேட்டால் மேசையில் வைத்துப் பார்க்கத் தருவார்கள். முகவரி எவ்வளவு முக்கியம் என்பதை அங்கேதான் கற்றேன். லண்டன் குழல்களில் பெயரோடு தெருவும் பொறித்திருப்பார்கள். கடை இடம் மாறினால் முத்திரையும் மாறும். உதாரணமாக, ருடால் கார்ட் நிறுவனத்தின் முத்திரையில் 23, பெர்னர்ஸ் தெரு என்று இருந்தால் அந்தக் குழல் 1878-க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. அந்த நிறுவனத்தின் பழைய கணக்கேடுகள் ஹார்னிமனில் இருக்கின்றன, வரிசை எண் இருந்தால் விற்ற தேதி வரை போகலாம். என் குழலில் தெருவும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சந்தேகம் வந்தது ஒரு மின்வெட்டில். இங்கே அது அபூர்வம். அன்று தெருவுக்கே கரண்ட் போயிருந்தது. கைபேசி விளக்கை மேசை மேல் வைத்துவிட்டுக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மரத்தின் மேல் பக்கவாட்டில் படுத்த மாதிரி விழுந்தது. மேயர் பெயருக்கு மேலே, வளைவாக, சின்னதாக இன்னொரு வரி எழுந்து நின்றது. பழைய மெழுகும் அழுக்கும் அடைத்துக் கிடந்த நான்கு எழுத்து: என், ஏ, ஸி, எச். ஆறு மாதமாக கையில் வைத்திருந்த பொருளில் நான் பார்க்காத ஒரு சொல்! முத்திரையைப் படிக்க நேர் மேலிருந்து விளக்கடிப்பது வீண். இருட்டறையில் விளக்கை மரத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, குழலை மெல்ல உருட்டிப் பாருங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இன்னும் தெளியும். சாக்பீஸ் தூள், மாவு எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். ஊசியால் கிளறவே கூடாது.

அது யாரோ பழைய உரிமையாளரின் பெயர் என்று நினைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் ஜெர்மன்காரி ஒருத்தியிடம் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள். "நாஹ் என்றால், அவரைப் பார்த்து, அவர் முறைப்படி என்று அர்த்தம். இது மேயர் செய்ததில்லை. மேயர் மாதிரி செய்தது." முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பணம் போனதைவிட, ஆறு மாதமாக ஊரெல்லாம் "மேயர் குழல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் அதிகம் உறுத்தியது. மாமா ஒருவருக்கு வீடியோ காலில் வேறு காட்டியிருந்தேன்.

கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். அந்த முத்திரையில் ஒரு பொய்கூட இல்லை. மேயரின் குழல்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவ்வளவு பிரபலமாக இருந்ததால் அந்தப் பெயரே ஒரு வகைக்குப் பெயராகிவிட்டது. நம் ஊரில் வனஸ்பதி எதுவானாலும் டால்டா என்று ஆனது போல. அமெரிக்காவில் தபாலில் பொருள் விற்ற நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில் 'மேயர் மாதிரி' குழல் என்றே விற்றிருக்கிறார்கள். ஆகவே மேயர் பெயர் போட்டு இன்று சந்தைக்கு வருகிற குழல்களில் நிறைய அவர் கையே படாதவை. பெரிய பெயர் பார்த்தால் அதைச் சுற்றி இருக்கிற சின்ன எழுத்தைத் தேடுங்கள். 'நாஹ்' போல, ஆங்கிலத்தில் 'மாதிரி', 'முறை', 'மேம்படுத்தியது' என்று பொருள்படும் சொற்களும் அதே வேலையைத்தான் செய்யும். சார்லஸ் நிக்கல்சன் என்ற பெரிய லண்டன் வித்வானின் பெயர் பொறித்த குழல்கள் உண்டு. அவர் வாசித்தவர், செய்தவர் அல்ல. அவர் பெயரில் கிளமெண்டி நிறுவனம் விற்ற குழல்களைச் செய்தவர் தாமஸ் புரவுஸ்.

சரி, மேயர் இல்லை. பின்னே யார்? இங்கேதான் எனக்குக் கதை பிடித்துப்போனது. பதில் ஏறக்குறைய உறுதியாக ஓர் ஊரைக் காட்டுகிறது: ஜெர்மனியின் சாக்சனியில், இன்றைய செக் நாட்டுப் பொஹீமியாவின் எல்லையோரம், மார்க்நாய்கிர்ஷென். 1677-இலேயே அங்கே வயலின் செய்கிறவர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வட்டாரமே உலகத்துக்கு இசைக்கருவி செய்துகொடுத்தது. அந்தச் சின்ன ஊரில் 1893 முதல் 1916 வரை அமெரிக்கா ஒரு துணைத் தூதரகமே வைத்திருந்தது என்றால் வியாபாரம் எவ்வளவு நடந்திருக்கும் என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டு வேலை. ஒரு வீட்டில் மரம் கடைவார்கள், இன்னொரு வீட்டில் கீ அடிப்பார்கள், வேறொருவர் கோப்பார். வணிகர் மொத்தமாக வாங்கி, கேட்ட கடையின் பெயரையோ, கேட்ட மாதிரியின் பெயரையோ பொறித்து அனுப்புவார். காஞ்சிபுரம் பக்கம் நெசவு நடந்த விதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 'செய்தவர் யார்' என்ற என் கேள்வியே அந்த ஊருக்குப் பொருந்தாத கேள்வி.

பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் குழல் தன் ஊரைச் சொல்லும் என்பதை இரண்டாவது பழுதுபார்ப்பவர் காட்டித் தந்தார். முதலில் கீ எதில் நிற்கிறது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி ஆங்கிலேயக் குழல்களில் கடையும்போதே மரத்தை மேடாக விட்டு, அதில் பள்ளம் வெட்டி, குறுக்கே ஊசி செருகிக் கீயை மாட்டுவார்கள். என்னுடையதில் சின்ன உலோகத் தூண்கள் மரத்தில் திருகி நிற்கின்றன. ஜெர்மன் சந்தைக் குழல்களில் அதுதான் வழக்கம். இதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது, பிற்காலத்தில் இங்கிலாந்திலும் தூண் வந்துவிட்டது. அடுத்து உலோகம். நான் வெள்ளி என்று நினைத்துப் பளபளவென்று தேய்த்தது ஜெர்மன் சில்வர். நம் பாத்திரக்கடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்களே, அதேதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு மரம். நல்ல லண்டன் குழல்களில் ஜமைக்காவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்த கோகஸ் மரம் அதிகம், சிவப்பு கலந்த பழுப்பு. என்னுடையது கிரெனடில்லா என்ற ஆப்பிரிக்கக் கருமரம். மலிவானவற்றில் சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். இணைப்புகளைக் கழற்றி, சாயம் எட்டாத உட்புறத்தைப் பார்த்தால் வெளுத்துவிடும்.

காலத்தைக் கணிக்கவும் ஒரு வழி உண்டு. 1887-இல் பிரிட்டனிலும் 1890-இல் அமெரிக்காவிலும் வந்த சட்டங்களால், இறக்குமதிச் சரக்குகளில் எந்த நாட்டில் செய்தது என்று போடும் வழக்கம் பரவியது. 'ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. என்னுடையதில் இல்லை. அதனால் முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது, உள்ளூரில் விற்ற சரக்காகவும் இருக்கலாம். சுருதியும் ஒரு துப்பு. மேற்கத்திய 'ஏ' ஸ்வரம் வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் அளவு. என் குழல் இன்றைய 440-க்கு மேலே, 448 பக்கம் நிற்கிறது. பிரான்ஸ் 1859-இல் 435 என்று சட்டமே போட்டது. பிரிட்டனில் 450-ஐத் தாண்டிய உயர்ந்த சுருதி வெகுகாலம் ஓடியது. 440 என்று உலகம் ஒத்துக்கொண்டது 1939-இல்தான். பழைய குழலை வாங்கி பியானோவோடு வாசிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் சுருதிமானியைக் கையில் எடுங்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, தம்புரா செயலியை ஏற்றிக்கொண்டால் முடிந்தது. நம் முறைப்படி மேலிரண்டு துளைகளை மூடி ஸட்ஜம் வைத்தால் ஆறு கட்டையைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது.

எல்லாம் தெரிந்த பிறகு, போனது போகட்டும், உள்ளதைச் சொல்லி விற்றுவிடலாம் என்று 2023-இல் முடிவு செய்தேன். ஓர் இணைய ஏலத் தளத்தில் உண்மையாகவே விவரம் எழுதிப் போட்டேன். சில மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். காரணம், தந்தம். அப்போதுதான் சட்டத்தைப் படித்தேன். பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-இல் இயற்றி, 2022 ஜூன் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. தந்தம் கலந்த எதையும் விற்பது, வாங்குவது, பண்டமாற்றுச் செய்வதுகூடக் குற்றம். ஐந்து வருஷம் வரை சிறை, இரண்டரை லட்சம் பவுண்டு வரை அபராதம் என்றெல்லாம் இருக்கிறது. இசைக்கருவிக்கு விலக்கு உண்டு: 1975-க்கு முன் செய்தது, தந்தம் கன அளவில் 20 சதவீதத்துக்குக் குறைவு, 20 பவுண்டு கட்டிப் பதிவு செய்தது. அப்பாடா என்று அளவுநாடாவும் கணக்குமாக உட்கார்ந்தேன். வெறும் பூண் மட்டும் தந்தமாக இருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கோ தலைப்பகுதி முழுக்கத் தந்தம். எப்படிப் போட்டாலும் முப்பதைத் தொட்டது. 1918-க்கு முந்திய, மிக உயர்ந்த கலை வரலாற்று மதிப்புள்ள பொருளுக்குத் தனி விலக்கு இருக்கிறது, விண்ணப்பிக்கவே 250 பவுண்டு. 'மேயர் மாதிரி' குழலுக்கு அதைக் கொடுப்பார்களா?

வைத்துக்கொள்ளலாம், வாசிக்கலாம், அன்பளிப்பாகத் தரலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். விற்கத்தான் கூடாது. கும்பகோணத்துக்கு எடுத்துப்போய் என் வாத்தியாரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை இருந்தது, அதுவும் நடக்காது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தந்தத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள், இந்தியாவில் தந்த வணிகத்துக்கு முழுத் தடை வேறு. நான் வாங்கியபோது சட்டம் இயற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது, அமலுக்கு வரத்தான் பாக்கி. விற்றவருக்கு அது தெரிந்திருக்குமோ என்று சில ராத்திரி யோசித்ததுண்டு. உங்கள் கையில் இருப்பது தந்தமா என்று தெரியவில்லை என்றால் மூடியைக் கழற்றி வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். யானைத் தந்தத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்சதுரமாக ஓடும். எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் என்றால் கோடுகள் ஒரே சீராக, அச்சுப்போட்ட மாதிரி இருக்கும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது யாராவது பழைய மரக்குழல் வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் முதல் நாள் படம் மட்டும் எடுங்கள்: முத்திரை, கீகள் நிற்கும் இடம், பூண்கள், இணைப்பின் உட்புறம், ஊதும் துளை. இரண்டு வாரம் கழித்துப் போங்கள். அதற்குள் போய்விட்டால் போகட்டும். செயலிழந்த பேட், இணைப்புகளில் சுற்றிய நூல், விரிசல் எல்லாம் சேர்த்துப் பழுதுச் செலவு எவ்வளவு வரும் என்று முதலில் கேட்டுவிட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். எனக்கு ஆன கணக்கு: குழல் 420, மதிப்பீடு 45, சூப்பர் குளூ 90, சரியான பழுது 235, ரயிலும் நகலும் 70. ஆக 860. என் மனைவி அதை ரூபாயில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறு காலைகளில் வாசிக்கிறேன், பத்து நிமிஷத்துக்கு மேல் போவதில்லை. கீகளைத் தொடுவதே இல்லை, திறந்திருக்கும் ஆறு துளையை வைத்தே மோகனம் வந்துவிடுகிறது. பழுதுபார்த்தவர் கீகளைக் கழற்றியபோது என்னை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு கீயின் அடியிலும் அரத்தால் போட்ட சின்னக் கீறல்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. அதே எண்ணிக்கை, பக்கத்துத் தூணின் அடியிலும். கோக்கிறபோது மாறிப்போகாமல் இருக்க யாரோ போட்ட அடையாளம். ஏழாவது கீயில் மட்டும் எட்டுக் கீறல் இருக்கிறது. எட்டாவதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்திருக்கிறார்.